இமேஜ்ஜே: எண்ணுவதற்கு முன் ஒரு கோடு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல் விதை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பா பூக்கும் நாட்களில் மகரந்தம் எண்ணுவதுதான் என் பாடு. பூவின் மகரந்தப் பையை அயோடின் கரைசலில் நசுக்கினால், வளமான மகரந்தம் கருத்து உருண்டையாக நிற்கும். மலடு வெளிறிக் கிடக்கும். மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்தால் கருத்ததை மட்டும் இமேஜ்ஜே என்ற சாஃப்ட்வேர் எண்ணித் தந்துவிடும்.

போன வருஷம், வளமான மகரந்தமே இருக்கக் கூடாத ஆண்மலட்டுச் செடி வரிசையில் மூன்று செடிகளில் கருத்த மகரந்தம் இருப்பதாகக் கணக்கு வந்தது. கலவன், அதாவது வேறு ரகம் கலந்தது என்று பிடுங்கிவிட்டோம். அப்புறம் படங்களை வரிசையாகப் பார்த்தால், கருத்ததாக எண்ணியவை எல்லாம் இடது கீழ் மூலையிலேயே இருந்தன. மகரந்தத்தில் தப்பில்லை, அந்த மூலையில் வெளிச்சம் குறைவு!

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் இமேஜ்ஜேதான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1997இல் தொடங்கிய இலவச சாஃப்ட்வேர். கூடுதல் கருவிகள் சேர்ந்த 'ஃபிஜி' தொகுப்பு என்னிடம் இருக்கிறது. மகரந்தம் இல்லாமல் கரைசல் மட்டும் விட்ட சிலைடை, அதே லென்ஸில், அதே எக்ஸ்போஷரில் படம் எடுத்தேன். 8-பிட்டாக (0 கருப்பு, 255 வெள்ளை) மாற்றி, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு கன்ட்ரோல், கே அழுத்தினால் கோடு நெடுக வெளிச்சம் எவ்வளவு என்று வரைபடம் வந்துவிடும். கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிந்த படம். வரைபடத்தில் இடது மூலை 138, நடு 214. கோட்டுக் கருவியை இருமுறை தட்டி அகலத்தை 20 ஆக்கினால் தூசி குறுக்கே வந்து குழப்பாது.

காரணத்தை அது சொல்லாது, நாம்தான் தேட வேண்டும். எங்கள் மைக்ரோஸ்கோப்பில் சிலைடின் மேல் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் நடுவிலிருந்து விலகியிருந்தது. ஜெர்மானியரான ஆகஸ்ட் கோலர் 1893இல் சொன்ன முறைதான்: கீழேயுள்ள ஒளித்துளையைச் சுருக்கி, அதன் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை கண்டென்சரை ஏற்றி இறக்கி, இரண்டு திருகுகளாலும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சரிசெய்ததும் மூலை 196க்கு வந்தது. மிச்சத்துக்கு, இமேஜ் கால்குலேட்டரில் 32-பிட் முடிவைத் தேர்ந்தெடுத்து, மகரந்தப் படத்தை வெற்றுப் படத்தால் வகுத்துவிடுகிறேன்.

ஒரு குறை என்னை நன்றாக ஏமாற்றியது. முதல் தடவை எக்ஸ்போஷர் கூடிப்போய் நடுப்பகுதி முழுக்க 255 ஆகிவிட்டது. அங்கே கோடு மேசை மாதிரி சமமாக வந்ததும் வெளிச்சம் சீர் என்று நம்பிவிட்டேன். இமேஜ்ஜே எச்சரிக்கவில்லை. படத்தை வேறு நிறங்களில் காட்டும் லுக்கப் டேபிளில் 'ஹைலோ' போட்டால் நிரம்பி வழிந்த இடம் சிவப்பாகிவிடும். முதலில் அதைப் பாருங்கள். பிரைட்னஸ்/கான்ட்ராஸ்ட் பெட்டியில் 'அப்ளை' அழுத்தினாலும் படத்தின் எண்களே மாறிவிடும். அளக்கும் முன் அதைத் தொடாதீர்கள்.

பிடுங்கிய செடிகளின் பழைய படங்களையும் இப்படித் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்றைக்கு எடுத்த வெற்றுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இப்போது தினமும் காலையில் எடுக்கும் முதல் படம் வெற்றுச் சிலைடுதான்; தேதி போட்டு, மகரந்தப் படங்களோடு அதே ஃபோல்டரில் வைக்கிறேன்.