வால்பாறை இறக்கமும் வெளிக்கடை டிஸ்க்கும்: 34,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மனைவிக்கு அங்கே ஆசிரியர் வேலை என்பதால் வாரம் ஒரு முறை ஏறி இறங்குகிறேன். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கும் என் 2013 ஸ்விஃப்ட்டுக்கும் பிரேக் விஷயத்தில் ஒப்பீடே கிடையாது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2022 ஆகஸ்டில் முன்சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் இரண்டையும், அதை இரு பக்கமும் கவ்வும் பேட் நான்கையும் வீட்டு வாசலிலேயே மாற்றினேன். பின்னால் டிரம் பிரேக், அதைத் தொடவில்லை. சர்வீஸ் சென்டரில் கூலியோடு 9,400 ரூபாய் சொன்னார்கள். கோவையில் ஒரு உதிரிபாகக் கடையில் வேறு கம்பெனித் தயாரிப்புகளாக வாங்கியதில் டிஸ்க் ஜோடி 3,600, பேட் 1,100. மிச்சமானதில் பாதிக்கு மேல் டார்க் ரெஞ்ச், ஜாக்கி ஸ்டாண்ட், சி கிளாம்ப் என்று கருவிகளிலேயே கரைந்துபோனது. ஆகவே முதல் தடவை பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன்.

பழைய டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டுமா என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் தடிமன் அளக்கும் வெர்னியரை நேராக வைத்தால் ஏமாந்துவிடுவோம். பேட் படாத ஓரம் தேயாமல் விளிம்பாக நிற்கும். வெர்னியர் அந்த விளிம்பைத்தான் அளக்கும். இரு பக்கமும் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்தேன். பொறித்த அளவைவிடக் குறைவாக வந்தது. பேச்சுக்கே இடமில்லை.

கழற்றும்போதுதான் வண்டியின் சரித்திரம் தெரிந்தது. இடது சக்கரத்தில் உள்பக்கப் பேட் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கம் 5 இருந்தது. பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர், உலோக ஊசிகளின் (pin) மேல் சறுக்கி நகர வேண்டும். அந்த ஊசி ஒன்று காய்ந்துபோய் இறுகியிருந்ததே காரணம். அதைத் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் பூசினேன். சாதாரண கிரீஸ் வேண்டாம், ஊசியின் ரப்பர் உறை உப்பிவிடும். டிஸ்க் துருப்பிடித்து, அது உட்காரும் சக்கர மையமான ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சுத்தியலை எடுத்துவிட்டேன். நல்லவேளை, டிஸ்க்கில் இரண்டு மரைத் துளைகள் கண்ணில் பட்டன. அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாகவே வெளியே வந்துவிடுகிறது. வடிவமைத்தவர் புண்ணியவான்.

மற்ற வேலைகள் எளிது. கேலிப்பரை அதன் பிரேக் ஆயில் குழாயில் (ஹோஸ்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டினேன். பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே அழுத்தும்போது பிரேக் ஆயில் தொட்டியில் மேலேறி வழியப் பார்க்கும். பெயின்டில் பட்டால் பெயின்ட் போய்விடும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவினேன். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மிதிக்கு அது தரை வரை போகும்; தெரிந்தே செய்தபோதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாள் விடியற்காலை உடுமலை சாலையில், பின்னால் யாருமில்லாதபோது, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை பத்து முறை வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டுப் பேட்டைப் பதப்படுத்தினேன்.

முதல் ஆறேழு மாதம் பெருமையாகத் திரிந்தேன். ஏறக்குறைய 9,000 கிலோமீட்டரில் பெடல் நடுங்கத் தொடங்கியது. 80-இல் மிதித்தால் ஸ்டீயரிங்கும் சேர்ந்து ஆடும். "வெளிப்பொருள் போட்டால் இப்படித்தான் சார், டிஸ்க் வளைந்துவிட்டது" என்றார் ஒரு மெக்கானிக். நானும் அதை நம்பிக் கடைக்காரரை மனத்துக்குள் திட்டினேன். பிறகு தெரிந்த லேத் பட்டறையில் மயிரிழை ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜ் இரவல் வாங்கி, டிஸ்க்கைச் சுற்றிப் பார்த்தேன். வலதில் குறையில்லை. இடதில் 0.12 மில்லிமீட்டர் ஆட்டம். கழற்றினால், ஹப் முகத்தில் பொருக்குத் துரு அப்படியே இருக்கிறது. புது டிஸ்க்கை அதன்மேல் வைத்து முடுக்கியவன் நான்தான். வலது பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருந்தேன். இடது பக்கத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது.

ஏன் முதல் நாளே நடுங்கவில்லை? துருமேல் சாய்ந்து நிற்கும் டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசும். அந்த இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். அதுதான் காலில் நடுக்கமாகத் தெரிகிறது. ஹப்பை உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இரண்டு டிஸ்க்கையும் லேத்தில் லேசாகச் சீவி மாட்டியதும் ஆட்டம் 0.04-க்கு இறங்கியது. அதன்பின் இன்றுவரை நடுக்கமில்லை. டிஸ்க்கின் மீது இப்போது எனக்கு ஒரு குறையும் கிடையாது. மழைக்காலத்தில் வால்பாறையில் ஒரு இரவு நின்றால் மேலே செந்துரு படியும். காலையில் நாலைந்து மிதியில் உரசிப் போய்விடும். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

பேட் கதை வேறு. முதலில் போட்டது உலோகத்தூள் அதிகமுள்ள வகை. பிடி அருமை, ஆனால் சக்கரம் வாரத்தில் கறுத்துவிடும், குளிர்ந்த காலையில் மெதுவாகப் போகும்போது கீச்சிடும். பள்ளி வாசலில் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். 22,000 கிலோமீட்டரில் தீர்ந்தது. அடுத்து செராமிக் வகை, விலை இருமடங்கு. சத்தமில்லை, தூசி குறைவு, 12,000 ஓடியும் 7 மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது முதல் மிதியில் மட்டும் அந்தப் பழைய பிடி இல்லை. ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கு இதுதான் நல்லது. நான் அடுத்த முறை கறுப்புத் தூசிக்கே திரும்பப் போகிறேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். என் செலவுக் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏறின கியரில்தான் இறங்க வேண்டும், தம்பி" என்றார். இரண்டாம் கியரில் இறங்கப் பழகிய பிறகு ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், வண்டியை நிறுத்தினால் முன்பு வந்த தீய்ந்த வாடை இப்போது இல்லை. பேட் ஆயுள் கூடியதில் செராமிக்கின் பங்கு எவ்வளவு, அவர் பேச்சின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. பிரேக் ஆயிலை மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். டாட் 3 என்ற தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் அந்த வித்தியாசத்தைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

போன வாரம் கழற்றிப் பார்த்ததில் இடது கேலிப்பர் ஊசியின் ரப்பர் உறையில் வெடிப்பு தெரிகிறது. 90 ரூபாய்ப் பொருள், கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை இடது பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.