6,500 ரூபாய்க்குப் போலி கிராபிக்ஸ் கார்டு: முதல் கேமிங் கம்ப்யூட்டர் போடுபவர்கள் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 6,500 ரூபாய் போய்விட்டது. ஒன்றரை வருடம் சேர்த்து வைத்த பணத்தில் போட்ட முதல் கம்ப்யூட்டர், மேஜை மேல் சும்மா கிடக்கிறது.

நான் ஒன்றும் அவசரப்பட்டு வாங்கவில்லை. இரண்டு மாதம் விசாரித்துத்தான் ரைசன் 5 5500 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு என்று முடிவு செய்தேன். கேமின் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில்தான் பட்ஜெட் இடித்தது. சரி, என்விடியா கம்பெனியின் பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு கிடைத்தால் போதும் என்று பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறிக் கோவைக்குப் போனேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாடியில் இருக்கும் சின்ன அசெம்பிளிங் கடை, பழைய பார்ட்ஸும் விற்பார்கள்.

கலர் லைட் வைத்த கேபினட் ஒன்றை நான் கையில் எடுத்ததும் ஓனர் தடுத்தார். "அது எதுக்குங்க தம்பி, அந்த ரெண்டாயிரத்த நல்ல எஸ்எம்பிஎஸ்ல போடுங்க." எஸ்எம்பிஎஸ் என்றால் பவர் சப்ளை. சரியான பேச்சு. இன்றைக்கும் அதில் குறை சொல்ல முடியாது. தனக்கு வரும் லாபத்தை விட்டுவிட்டு நமக்காகப் பேசுகிறாரே என்று நினைத்தேன். அங்கேதான் விழுந்தேன். அதற்கப்புறம் அவர் எடுத்துக் கொடுத்த எதையும் நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார்டை மாட்டினார். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போய் எதையோ மாற்றினார். விண்டோஸ் வந்ததும், மாட்டியிருக்கும் பார்ட்ஸின் பெயரைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "பாருங்க, 1050 டிஐ" என்று விரல் வைத்துக் காட்டினார். 6,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "டிரைவர் மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க தம்பி, நான் போட்டதே நல்லா ஓடும்" என்றார். டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். அதையும் அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் ஜிடிஏ 5 கேம் போட்டால் இரண்டே நிமிடத்தில் திரை கறுத்துவிட்டது. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் அதே கதை. 1050 டிஐக்கான டிரைவரை என்விடியா தளத்திலிருந்து இறக்கிப் போட்டால் கார்டு வேலையே செய்யவில்லை. நண்பன் ஒருவன், கார்டுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்க்கச் சொன்னான். கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டியது. உள்ளே இருப்பது ஜிஎஃப்116 சிப், 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ காலத்துச் சரக்கு. கணக்குப் போடும் கோர் 768 இருக்க வேண்டிய இடத்தில் 192. கார்டுக்குள்ளேயே தனியாக இருக்கும் பயாஸை மாற்றி எழுதி, பெயரையும் 4 ஜிபி என்ற கணக்கையும் பொய்யாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். இல்லாத மெமரியைத் தேடும்போது கேம் செத்துவிடுகிறது. கடையில் அவர் கம்ப்யூட்டர் பயாஸில் ஆன் செய்தது சிஎஸ்எம் என்கிற பழைய பூட் முறை என்பதும் இப்போதுதான் புரிகிறது. இவ்வளவு பழைய கார்டுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

கார்டின் பின்பக்கம், பழைய மானிட்டர் வயரைச் செருகும் நீல நிற விஜிஏ சாக்கெட் ஒன்று இருக்கிறது, பதினைந்து ஓட்டையோடு. 1050 டிஐ-யில் விஜிஏ கிடையாது. அந்தத் தலைமுறையிலேயே என்விடியா விஜிஏ-க்குத் தேவையான அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டது. கடையில் அந்த நீலம் என் கண்முன்னேதான் இருந்தது. என் பழைய மானிட்டருக்கு வசதியாகப் போச்சு என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

போன் செய்தேன். முதலில் "டிரைவர மாத்திட்டீங்களா, அதான்" என்றார். அடுத்த முறை "உங்க வீட்டுக் கரண்ட் சரியில்ல." நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால், சப்ளையருக்கு அனுப்புகிறோம், செவ்வாய்க்கிழமை வாங்க என்றார்கள். ரைசன் 5 5500-இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. பத்து நாள் கம்ப்யூட்டர் முடங்கிக் கிடந்தது. இரண்டு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. கடைசியில் அதே கார்டைக் கையில் கொடுத்து, ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, வாரண்டி இல்லை என்றார். "அண்ணா, 1050 டிஐ-ன்னு சொல்லித்தானே 6,500 வாங்குனீங்க?" என்று கேட்டேன். "சீட்டுல அப்படி எங்க தம்பி எழுதியிருக்கு?" என்றார். எடுத்துப் பார்த்தேன். கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு. '4 ஜிபி கார்டு – 1' என்று மட்டும்தான் இருந்தது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பழைய கார்டு வாங்கினால் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஜிபியு-இசட் போடுங்கள், பத்து நிமிடம் கனமான கேம் ஓட்டிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் வரும் பெயரை நம்பாதீர்கள். மாடல் பெயரும் சீரியல் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில் தராத கடையில் வாங்காதீர்கள். ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580 கார்டு என்று விற்பவரிடம் அது 2048எஸ்பி-யா என்று கேளுங்கள், 2048எஸ்பி என்பது வேறு, வேகம் குறைந்த கார்டு.

நேற்று 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரருக்கு வாட்ஸாப்பில் ஜிபியு-இசட் படத்தையும் அந்த நீல சாக்கெட் படத்தையும் அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.