வண்ணாரப்பேட்டையில் பழைய ரேஸ் டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் செகண்ட் ஹேண்ட் பிஎஸ் 4 (பிளேஸ்டேஷன் 4) கேம் டிஸ்க் வாங்குகிற வழக்கம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். குறிப்பாகக் கார் ரேஸ் டிஸ்க் வாங்குகிறவர்கள். கடைக்காரர் "ஓபன் வேர்ல்டு" (தனித்தனி டிராக் இல்லாமல், ஒரு முழு நகரத்திலோ நாட்டிலோ இஷ்டப்படி சுற்றுகிற வகை) என்று ஆரம்பித்தால் இன்னும் உஷாராக இருங்கள்.

நான் வாங்கியது தி க்ரூ. 2014 டிசம்பரில் வந்த கேம். விலை 1,100 ரூபாய். கடை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. பெயர் தெரிந்து பெரிய பயனும் இல்லை. இதே டிஸ்க் இன்னும் பல கடைகளில் தொங்குகிறது.

இந்த கேமின் சர்வரை, அதாவது இணையம் வழியே கேமை இயக்குகிற நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை, 2024 மார்ச் 31 அன்று மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், ஆன்லைன் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். சர்வர் போனால் ஆன்லைன் போட்டிகள்தானே போகும், தனியாக ஆடிக்கொள்ளலாமே என்று நினைப்போம். இதில் அது முடியாது. தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைந்தே ஓட வேண்டும் என்றுதான் கேமைக் கட்டியிருக்கிறார்கள். ஆக, டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் கார் கராஜை விட்டு வெளியே வராது. மொத்த அமெரிக்காவையும் சுருக்கி ஒரே மேப்பாக வைத்த கேம் அது. ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் போக முக்கால் மணி நேரம் பிடிக்கும் என்பார்கள். எனக்கு 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்ற வரியோடு பயணம் முடிந்தது.

விசாரிக்காமல் வாங்கவில்லை. முதல் நாளே கடை நம்பருக்கு வாட்ஸப்பில் கேட்டேன்: "தம்பி, நெட் இல்லாம ஓடுமா? ரெண்டு பேர் உக்காந்து ஆடலாமா?" பதில் உடனே வந்தது: "ஓடும்ணா. ரெண்டு இன்னாணா, எட்டு பேர் கூட ஆடலாம்." அந்தச் செய்தி இன்னும் என் போனில் பத்திரமாக இருக்கிறது. அந்த எட்டு பேர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் புரிந்தது. எட்டு பேர் வரை சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் எட்டும் ஆன்லைனில், எட்டு வீட்டில், எட்டு மெஷினில். ஒரே டிவியில் திரையைப் பிரித்து ஆடுகிற வசதி அந்த கேமில் முதல் நாளிலிருந்தே கிடையாது.

இதை விட மோசமான ஒன்று இருக்கிறது. பெட்டியின் பின்பக்கத்தில், இணையம் கட்டாயம் தேவை என்று அச்சிட்டிருந்த வரிமேலேயே கடையின் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தற்செயல் என்று சொல்லலாம்தான். எனக்கு முன்னால் அலமாரியில் இருந்த இன்னொரு ஆன்லைன் கேம் பெட்டியிலும் அதே இடத்தில் ஸ்டிக்கர். மற்ற பெட்டிகளுக்கெல்லாம் முன்பக்க மூலையில்.

நெட் பற்றி ஏன் இவ்வளவு கேட்டேன் என்றால், எங்கள் தெருவில் நாலு தூறல் விழுந்தால் கேபிள் நெட் போய்விடும். லீவுக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் வருவார்கள். ஆளுக்கொரு கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிட்டால் வீடு அமைதியாக இருக்கும். அதற்காகத்தான் வாங்கினேன்.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைத் தம்பி அசரவே இல்லை. "ணா, டிஸ்க் ரீட் ஆவுதா இல்லியா? ஆவுதுல்ல? அப்ப எங்க சைடு ஓகேணா. சர்வர் அவன் மூடுனா நான் இன்னா பண்றது?" என்றான். கேம் நிறுவனம் மூடியது உண்மை, ஆனால் மூடிய பிறகும் 'ஓடும்' என்று எழுதி அனுப்பியது யார்? அதற்குப் பதில் இல்லை. அப்புறம் ஒரு சலுகை சொன்னான். 400 ரூபாய் கழித்துக்கொண்டு வேறு டிஸ்க் எடுத்துக்கொள்ளலாமாம். இல்லையென்றால் தி க்ரூ 2-ஐ "டிஜிட்டலா, அக்கவுண்ட்ல ஏத்தித் தரேன்" என்றான். இந்த அக்கவுண்ட் வியாபாரத்தில் இறங்காதீர்கள். யாரோ ஒருவருடைய அக்கவுண்டில் வாங்கிய கேமைப் பல பேருக்குப் பகிர்ந்து விற்பார்கள். பாஸ்வேர்ட் மாறிய அன்று உங்கள் கேமும் போய்விடும். கேட்கப் போனால் அந்த நம்பர் எடுக்காது. எங்கள் மாடி வீட்டுப் பையன் இப்படி இரண்டு கேமை இழந்திருக்கிறான்.

இந்த இடத்தில் ஓபன் வேர்ல்டு பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்த ஏமாற்று ரேஸ் கேம்களில் இவ்வளவு சுலபமாக நடப்பதற்கு, தனித்தனி டிராக்கிலிருந்து ஓபன் வேர்ல்டுக்கு அவை திசை மாறியதும் ஒரு காரணம்.

டிராக் உசத்தியா, ஓபன் வேர்ல்டு உசத்தியா என்பது எங்கள் ஏரியாவில் பழைய சண்டை. பிஎஸ் 2 காலத்தில் தெருவுக்குத் தெரு கேம் சென்டர் இருந்தது, மணிக் கணக்குக் காசு. நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2 வந்தது 2004இல். அதில் பேவியூ என்று முழு நகரமே உண்டு, எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். சென்டரில் ஒருத்தனும் சுற்ற மாட்டான். அரை மணிக்குக் காசு கொடுத்தவன் அடுத்த ரேஸ் எங்கே என்று மேப்பில் தேடிக்கொண்டிருப்பானா? நேராகத் திரையைப் பிரித்து இரண்டு பேர் மோதுவார்கள், தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடுவான். அதே வருடம் வந்த பர்ன்அவுட் 3 இன்னும் பொருத்தம். மெனுவில் தட்டினால் ரேஸ், முடிந்தால் மறுபடி மெனு, நடுவில் ஒரு நிமிடம் வீணில்லை.

பிறகு 2008இல் பர்ன்அவுட் பாரடைஸ் வந்து எல்லாவற்றையும் ஒரே நகரமாக ஆக்கியது. சிக்னலில் நின்று இரண்டு பட்டனை அழுத்தினால் ரேஸ் தொடங்கும். பாதை நாமே தேடிக்கொள்ள வேண்டும், போய்ச் சேருகிற இடம் நகரத்தின் எட்டு மூலைகளில் ஏதாவது ஒன்று. தோற்றுவிட்டால் மறுபடி அந்த சிக்னலைத் தேடித் திரும்பி ஓட்ட வேண்டும். ரீஸ்டார்ட் என்ற ஒன்றே முதலில் இல்லை, பின்னால் அப்டேட்டில்தான் கொடுத்தார்கள். சந்திப்புக்குச் சந்திப்பு விபத்து நடத்திப் பணம் சேர்க்கிற பழைய கிராஷ் மோட் போனது. திரை பிரித்து ஆடுவதும் போனது. சென்டர் கோஷ்டி அன்றைக்கே அந்த சீரிஸைத் தலைமுழுகியது. எனக்கு அந்த கேம் பிடிக்கும், ஆனால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் ஓட்டுகிற நண்பர் ஒருவர், துறைமுக கேட்டுக்கு முன்னால் கன்டெய்னர் வரிசையில் பாதி ராத்திரி நிற்பவர், வீட்டுக்கு வந்ததும் ஃபோர்ஸா ஹொரைசன் என்ற ஓபன் வேர்ல்டு கேமைப் போடுவார். ரேஸே ஓட்ட மாட்டார். காலி ரோட்டில் சும்மா போய்க்கொண்டே இருப்பார். "எனக்கு ஜெயிக்க வேணாம்பா, முன்னாடி வண்டி இல்லாம இருந்தா போதும்" என்பார். அவரிடம் போய் ஒரே டிராக்கில் மூன்று லேப் (சுற்று) ஓட்டுவதுதான் உசத்தி என்று யார் வாதாட முடியும்?

இப்போது நிண்டெண்டோவின் மரியோ கார்ட் வரைக்கும் அந்த ஓபன் வேர்ல்டு காற்று அடித்துவிட்டது. 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 மெஷினோடு வந்த மரியோ கார்ட் வேர்ல்டில் டிராக்குகளெல்லாம் ரோடு போட்டு இணைக்கப்பட்டிருக்கின்றன, ஒரே நேரத்தில் 24 பேர் ஓட்டலாம். காசிமேட்டில் ஒரு நண்பர் வீட்டில் ஆடிப் பார்த்தேன். ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குப் போகிற நீள ரோட்டில் எனக்குக் கொட்டாவி வந்தது, அவருடைய மகளுக்கு அதுதான் உயிர். ஆன்லைனில் இந்த நீள ரோட்டைத் தவிர்க்க ஆட்டக்காரர்கள் 'ரேண்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து மூன்று லேப் ரேஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜூன் கடைசியில் வந்த அப்டேட் அந்தக் கதவையும் அடைத்தது, பெரிய கூச்சல் கிளம்பியது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அதில் இன்னும் ஒரே டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து ரேஸ் ஆடலாம்.

ஆக, ஓபன் வேர்ல்டு என்பதே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பர்ன்அவுட் பாரடைஸை மெருகேற்றி 2018இல் மறுபடி வெளியிட்ட ரீமாஸ்டர் டிஸ்க் நெட் இல்லாமல் ஓடுகிறது. திரை பிரியாது என்றாலும், ஒரே கன்ட்ரோலரைக் கை மாற்றி ஆடுகிற பார்ட்டி மோட் இருக்கிறது. ஃபோர்ஸா ஹொரைசன் 4-ஐக் கார், பாட்டு உரிமங்கள் முடிந்ததால் 2024 டிசம்பர் 15இல் விற்பனையிலிருந்து எடுத்தார்கள், ஆனால் வைத்திருப்பவர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள். இதற்கு நேர் எதிரான வகையில் டிரைவ்கிளப், மூடிய டிராக்குகள் உள்ள பிஎஸ் 4 கேம். அதன் சர்வரும் 2020 மார்ச் 31இல் மூடியது. தனியாக ஆடுகிற பகுதி இன்றைக்கும் டிஸ்க்கிலிருந்து ஓடும். பிரச்சினை பெரிய மேப்பில் இல்லை. மேப்பைக் காட்டி நம்மை சர்வரோடு கட்டிப்போடுவதில் இருக்கிறது. சாலையில் எதிரே வருகிறவன் நிஜ ஆளாக இருக்க வேண்டும் என்று ஆசை காட்டுவார்கள், அதற்காக எப்போதும் ஆன்லைன் என்பார்கள், ஒரு நாள் ஆட்கள் குறைந்ததும் நகரத்தையே இழுத்து மூடிவிடுவார்கள்.

தி க்ரூ மூடிய கோபத்தில்தான் 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்பவர் காசு கொடுத்து வாங்கிய கேம்களை நிறுவனங்கள் முடக்கக் கூடாது என்கிற 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவில் அதற்கான மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது. அடுத்து வந்த தி க்ரூ 2, மோட்டார்ஃபெஸ்ட் இரண்டுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக 2024லேயே நிறுவனம் அறிவித்தது. முதல் கேமுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் குவிந்து கிடப்பது அதுதான். வெளியே மதிப்பு பூஜ்யமான சரக்கு, இங்கே 1,100.

சரி, வாங்கும்போது என்ன செய்யலாம்? கடையில் டெமோவுக்கு ஒரு பிஎஸ் 4 இருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் போய், இன்டர்நெட் இணைப்பு டிக்கை எடுத்துவிட்டு டிஸ்க்கைப் போடச் சொல்லுங்கள். மெனு வரை வந்தால் போதாது, கார் ரோட்டில் ஓட வேண்டும். "இன்ஸ்டால் ஆக நேரம் ஆகும்ணா" என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள். பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரை உரித்துப் படியுங்கள், மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 'பிளேயர்ஸ்' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஆன்லைன் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே டிவியில் ஆட வேண்டும் என்றால் ஹாட் வீல்ஸ் அன்லீஷ்டு, டர்ட் 5, கிராஷ் டீம் ரேசிங் நைட்ரோ ஃபியூல்டு மூன்றிலும் திரை பிரியும். எதுவும் ஓபன் வேர்ல்டு இல்லை, எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

பில் கட்டாயம். எனக்கு அவன் கொடுத்தது தேதி கூட இல்லாத துண்டுச் சீட்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். நல்லவேளை, பணம் ஜிபே-யில் போயிருந்ததால் தேதியும் தொகையும் அங்கே இருக்கின்றன, அவன் சொன்ன உறுதி வாட்ஸப்பில் இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துத் தமிழிலேயே புகார் பதிவு செய்தேன். புகார் எண்ணைக் கடைக்கு அனுப்பியதும் தம்பியின் குரல் மாறியது. "இன்னாணா நீ, இதுக்குப் போயி" என்று ஆரம்பித்து, 700 திருப்பித் தருவதாகச் சொன்னான். முழுத் தொகை வேண்டும் என்றேன், "முதலாளிகிட்ட கேக்குறேன்" என்று வைத்துவிட்டான். ஒத்துவராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, புகாருக்கான காரணம் ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 1,100 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்த ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள்.

இதே கடையில் இதே கேமை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பணம் கட்டிய ஆதாரத்தோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம். பணம் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.