காற்சட்டைக்கு 34, பெல்ட்டுக்கு 36: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணம் நவீன சந்தையில் பெல்ட் கேட்டால், "காற்சட்டை எத்தனை, அண்ணை?" என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள். 34 என்றால் 34 அச்சிட்ட பெல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். கட்டிப் பார்த்தால் ஊசி கடைசித் துளையில் போய் நிற்கும். பெல்ட் வெறும் இடுப்பைச் சுற்றுவதில்லை. காற்சட்டைத் துணி, உள்ளே செருகிய சேர்ட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சுற்றுகிறது. அதனால் காற்சட்டை அளவோடு 2 அங்குலம் கூட்டி வாங்குவதே பொருத்தம். நான் சில வருடங்களாக அலுவலகத்துக்குக் கட்டுவது 36 அங்குல மண்ணிறத் தோல் பெல்ட்.

ஆனால் அந்த 34 என்ற எண்ணையே நம்ப முடியாது. என்னிடமுள்ள இரண்டு காற்சட்டைகளிலும் 34 என்றே இருக்கிறது; அளவுநாடா வைத்தால் ஒன்று 36ஐத் தொடுகிறது. வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று தைக்கிறார்களோ என்னவோ! நம்பத்தக்கது பழைய பெல்ட்தான். பக்கிள் தோலோடு சேரும் இடத்திலிருந்து, வழக்கமாக ஊசி மாட்டும் துளை வரை அளந்தால் அதுவே உங்கள் அளவு. அந்தத் துளையைத் தேடவே வேண்டாம், தோல் மடிந்து தழும்பு விழுந்திருக்கும். புதிய பெல்ட்டில் அந்த நீளம் ஐந்து துளைகளில் நடுத்துளைக்கு வரவேண்டும். துளைகளுக்கிடையே பெரும்பாலும் 1 அங்குலம் இருப்பதால் இரு பக்கமும் 2 அங்குலம் மிஞ்சும். கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கும் காய்ச்சலில் மெலிவதற்கும் அது போதும். சில பெல்ட்களில் 110, 115 என்று இருக்கும். பல வேளைகளில் அது முழு நீளத்தின் சென்ரிமீற்றர் கணக்கு. இடுப்பளவு என்று எண்ணி வாங்கவேண்டாம்.

கடையில் நின்றபடி மட்டும் கட்டிப் பார்க்கக் கூடாது. உட்கார்ந்தால் இடுப்பு பெருக்கும். மோட்டார் சைக்கிளில் சற்றுக் குனிந்து அரை மணி நேரம் ஓடினால், நிற்கும்போது கச்சிதமாக இருந்த பெல்ட்டின் பக்கிள் வயிற்றைக் குத்தும். ஒரு கதிரை கேட்டு இருந்து பாருங்கள். இரண்டு விரல் உள்ளே போனால் சரி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வேட்டிக்கு மேல் கட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கு. வேட்டி தொப்புளடியில் நிற்கும், காற்சட்டை அதற்குக் கீழே. தொப்பை உள்ளவருக்கு இரண்டும் ஒரே துளையில் வராது.

அகலத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அலுவலகக் காற்சட்டைக்கு 35 மில்லிமீற்றர், ஜீன்ஸுக்கு 40.

தோல் விடயத்தில்தான் எங்கள் ஊர்க் காலநிலை கைவரிசையைக் காட்டுகிறது. சித்திரை வெயிலில் வியர்வை பெல்ட்டின் உட்பக்கம் ஊறும். துணிக்கு மேல் ரெக்சின் ஒட்டியவை மடியும் இடத்தில் வெடித்துத் தோலுரியும். இரண்டு தட்டுகளை ஒட்டித் தைத்தவை ஓரத்தில் பிளக்கும். ஒரே தோலில் வெட்டியது விலை கூட, ஆனால் பிளப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மாரியில் பூஞ்சணம் பிடிக்கும்; உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றுப்படத் தொங்கவிட்டால் போதும். தேங்காயெண்ணெய் பூசச் சொல்பவர்கள் உண்டு. பூசினால் தோல் கறுத்துத் துவண்டுவிடும்.

துளையில்லாமல், பின்புறப் பல்வரிசையில் கடக்கென்று பூட்டும் பெல்ட்டும் என்னிடம் இருக்கிறது. கால் அங்குலக் கணக்கில் இறுக்கித் தளர்த்தலாம். பொருத்தத்தில் அதை மிஞ்ச முடியாது. நீளம் கூடினால் பக்கிள் பக்கம்தான் வெட்டவேண்டும், நுனியில் அல்ல. அளவு அடிக்கடி மாறுபவருக்கு நல்லது. எனக்கு அந்தப் பெரிய பெட்டிப் பக்கிள் பிடிக்கவில்லை.

தோல் பெல்ட்டில் இப்போது தெரியும் ஒரே குறை, நடுத்துளை நீள்வட்டமாகிவிட்டது. பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைப்பவர் பின்னால் சிறு தோல் துண்டு வைத்துத் தைத்துத் தந்தார். ஊசி மறுபடி இடத்தில் நிற்கிறது.