கடலோரக் குடில் எடுக்கிறீர்களா? டெபாசிட்டைக் கையில் கொடுக்காதீர்கள்

நண்பர்களோடு காரில் கடலோரமாகவே ஆற அமரப் போய், வழியில் ஆங்காங்கே குடில் எடுத்துத் தங்கி, நாமே சமைத்துச் சாப்பிடும் விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். இந்த மாதிரிக் குடில்களில் வாடகையில் யாரும் கை வைப்பதில்லை. டெபாசிட்டில்தான் வைக்கிறார்கள்.

மற்ற இடங்களில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றில்தான் மாட்டிக்கொண்டோம். முழு வாடகையையும் ஆன்லைனில் கட்டியாகிவிட்டது. பதிவுப் பக்கத்தில் டெபாசிட் என்ற பேச்சே இல்லை. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தால், சாவி வைத்திருந்த பையன் வாடகையில் பாதியை ரொக்கமாகக் கேட்டான். “ஓனர் சொல்லாம சாவி தர முடியாதுண்ணே” என்றான். ஓனருக்குப் போன் போட்டோம். கிளம்பும்போது அப்படியே திருப்பித் தருவதாகச் சொன்னார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் வேறு இடம் கிடைக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நேரம் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

‘முழு வசதியுள்ள சமையலறை’ என்று போட்டிருந்தது. இருந்த அடுப்பில் ஒரு பர்னர்தான் எரிந்தது. அடி தேய்ந்த வாணலி, மூடி இல்லாத பாத்திரம், தக்காளியைக்கூட வெட்டாத கத்தி. மறுநாள் காலையிலேயே சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டருக்குத் தனிக் காசு. படத்தில் வாசல்வரை அலையடித்த கடல், நாங்கள் பார்த்தபோது சேற்றுக்கு அப்பால் கோடு மாதிரி தெரிந்தது. ஓதம் ஏறி, கடல் கரைவரை வந்திருக்கும்போது படம் எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வடிய ஆறு மணி நேரம் போதும். சரி, இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சாமர்த்தியம்.

ஆனால் குளியலறையில் இருந்ததைச் சாமர்த்தியம் என்று விட முடியாது. உள்ளேயே கேஸ் கீசர். இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து ஆணியடித்திருந்தார்கள். புகைபோக்கி இல்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு என்று தொடங்கி, கதவைத் திறக்கத் தெம்பில்லாமல் உள்ளேயே மயங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. ஓனரிடம் சொன்னால், “எல்லாரும் அதுலதான் குளிக்கிறாங்க” என்றார். நாங்கள் அதைத் தொடவே இல்லை. எரிகிற அந்த ஒற்றைப் பர்னரில் வெந்நீர் வைத்து, வரிசையில் நின்று குளித்தோம்.

கிளம்பும் நாளில் பையன் ஒரு பட்டியலோடு வந்தான். பால்கனிக் கதவின் கீல் துருப்பிடித்து உடைந்திருக்கிறது, நாற்காலிக் கால் ஆடுகிறது, டோஸ்டர் வேலை செய்யவில்லை, தரையில் கறை. கூட்டிப் பார்த்தால் டெபாசிட் தொகை வருகிறது, ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை! கடலோர உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்தான், அதற்காக ஒரு கீல் நாங்கள் தங்கிய நேரத்திலா அரித்துப்போகும்? எங்களில் ஒருவன் நுழைந்ததும் பெட்டியைக்கூட இறக்காமல் வீடு முழுக்க வீடியோ எடுத்து வைத்திருந்தான். அந்தக் கீல், அந்தக் கறை எல்லாம் அதில் இருக்கின்றன. காட்டினோம். பையன் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஓனர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

பதிவு செய்த தளத்தில் புகார் கொடுத்தோம். எங்கள் வழியாக வராத பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. பிடி அங்கேதான் இருக்கிறது. கார்டில் கட்டிய பணம் என்றால் வங்கியிடமாவது முறையிட்டுப் பார்க்கலாம்; ரொக்கத்துக்கு அதுவும் இல்லை. அதனால், கிளம்புவதற்கு முன்பே தளத்தின் செய்திப் பெட்டியில் “வந்த பிறகு ஏதாவது பணம் தர வேண்டுமா?” என்று எழுதிக் கேளுங்கள். எத்தனை பர்னர், கீசர் எங்கே இருக்கிறது, சிலிண்டர் யார் செலவு என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். போனில் சொன்னது எதுவும் நிற்காது. வாசலில் ரொக்கம் கேட்டால் அங்கே நின்றபடியே தளத்தின் உதவி எண்ணை அழையுங்கள், சாவிக்காரர் காதில் விழும்படி. குறை இருந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். உதாரணமாக ஏர்பிஎன்பியில் (நாங்கள் பதிவு செய்தது வேறு தளம்) குறை தெரிந்த 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி.

வீடியோவிலிருந்து எடுத்த படங்களோடு விமர்சனம் எழுதினோம். “பொருளை உடைத்துவிட்டுப் புகார் சொல்கிறார்கள்” என்று ஓனர் பதில் போட்டார். அப்புறம் அந்தப் பக்கமே காணாமல் போனது. இப்போது அதே பால்கனி, அதே ஆடும் நாற்காலி, வேறு பெயரில் வாடகைக்கு இருக்கிறது. பதிவு செய்யும் முன் படங்களை, அதே படம் வேறு எங்கே இருக்கிறது என்று தேடித்தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். எங்கள் குடிலின் பால்கனியைப் போட்டால் இரண்டு பெயர்களும் வருகின்றன.