எரிமலை பார்க்க ப்ரோமோவா, கிலாவேயாவா, ரெயூனியனா?

குற்றாலத்துக்குக் கிளம்புகிற திருநெல்வேலிக்காரர் யாரும் தென்காசிப் பக்கம் இருக்கும் ஒருவருக்குப் போன் போட்டு, "தண்ணி விழுதா?" என்று கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை. ஆனி, ஆடி என்று நாள்காட்டி சொன்னாலும் அருவி தன் விருப்பப்படிதான் விழும். எரிமலையும் அப்படித்தான். வரும் மே விடுமுறைக்கு எரிமலைப் பூங்கா ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் பேச்சு எழுந்தபோது, எழுபது வயதான அம்மா, "ஏய்யா, தீயப் பாக்க முடியுமா, இல்ல வெறும் பொகதானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தப் பூங்காவும் உறுதியான விடை தராது என்பதால், தீ தெரியாத நாளில் அந்த இடத்தில் நமக்கு என்ன கிடைக்கும் என்பதையே அளவுகோலாக வைத்து இந்தோனேசியாவின் ப்ரோமோ, ஹவாயின் கிலாவேயா, ரெயூனியன் தீவு ஆகியவற்றில் உள்ள மூன்று பூங்காக்களை எடைபோட்டேன்.

அந்தமானில் பேரன் தீவு இருக்கையில் வெளிநாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் இப்போது உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை அதுதான். போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் தீவில் கால் வைக்க அனுமதி இல்லை. கப்பலில் இருந்தபடியே பார்த்துத் திரும்ப வேண்டும் என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

தீயைப் பார்க்கும் வாய்ப்பு என்று மட்டும் கணக்கிட்டால், ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவே முன்னால் நிற்கும். 1916இல் அமைக்கப்பட்டு, 1987இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இப்பூங்காவுக்குள் கிலாவேயா, மௌனா லோவா என்ற இரண்டு எரிமலைகள் அடங்கும். கிலாவேயாவின் உச்சியிலுள்ள ஹலெமவுமவு பள்ளத்தில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பு விட்டுவிட்டு நிகழும் வகையைச் சேர்ந்தது: நெருப்புக் குழம்பு சில மணி நேரமோ ஏறத்தாழ ஒரு நாளோ ஊற்றாகப் பீறிடும், சில வேளைகளில் 300 மீட்டருக்கு மேலும் எழும், பிறகு பல நாட்களோ சில வாரங்களோ அடங்கிக் கிடக்கும். ஐந்து நாள் தங்குகிறவருக்கு அந்த ஐந்தும் ஓய்வு நாட்களாகவே அமைந்துவிடக்கூடும். அப்படி அமைந்தாலும் நட்டம் பெரிதில்லை என்பதுதான் ஹவாயின் பலம். பூங்கா இரவும் பகலும் திறந்திருக்கிறது. ஒரு காருக்கு 30 டாலர் கட்டினால் ஏழு நாள் செல்லும். பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே வால்கனோ ஹவுஸ் என்ற விடுதி இருக்கிறது. நெருப்புக் குழம்பு ஓடி வடிந்த குகைக்குள் நடக்கலாம். பழைய குழம்பாறுகள் உறைந்து கிடக்கும் கரும்பரப்பின் நடுவே கடற்கரை வரை காரிலேயே இறங்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு மூன்றில் மிகவும் தோதான இடம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனாலும் ஹவாயை நான் தள்ளிவைத்ததற்குக் காரணம் தூரமும் விசாவும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு கழித்துச் சென்னை சென்று, அண்ணா மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து, விசா கைக்கு வந்த பிறகும் பயணத்தில் பாதி உலகம் மிச்சமிருக்கும். அங்குள்ள நேரம் நமக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், உடம்பு அந்த ஊர் இரவுக்குப் பழகுமுன் விடுமுறையே முடிந்துவிடும். அமெரிக்காவில் மகனோ மகளோ இருந்து, அங்கே எப்படியும் போகிறவர்கள் கூடவே ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ரெயூனியன் தீவின் நிலை வேறு. மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள இந்தப் பிரெஞ்சு மாகாணத்தில் 2007இல் அமைந்த தேசியப் பூங்கா தீவின் பரப்பில் ஏறத்தாழ 42 விழுக்காட்டைக் கொண்டது. பிட்டன் தெ லா ஃபூர்னேஸ் என்ற 2,632 மீட்டர் எரிமலை உலகில் அடிக்கடி வெடிப்பவற்றுள் ஒன்று. தக்காணப் பீடபூமியின் கரும்பாறையைச் சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கக்கிய அதே ஆழ்நிலை வெப்பமையம்தான் இன்று இந்தத் தீவின் அடியில் இருக்கிறது என்பது புவியியலாளர்கள் பரவலாக ஏற்ற கருத்து. அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்க, இந்தியாவைத் தாங்கும் புவித்தட்டு அதன் மேலாக வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. இன்னோர் உறவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கோயில் கட்டி, காவடி எடுத்து, பூக்குழி இறங்குகிறார்கள். பேச்சு மட்டும் பிரெஞ்சும் அதிலிருந்து பிறந்த கிரியோலும் ஆகிவிட்டது.

இவ்வளவு இருந்தும் தயங்கவைப்பது நடை. பா தெ பெல்கோம்ப் என்ற விளிம்பு வரை கார் போகும். அதற்கப்பால் செங்குத்தான படிகளில் இறங்கி, கரடுமுரடான பாறைப்பரப்பில் நடந்து, உச்சிப் பள்ளத்தை எட்டித் திரும்ப ஐந்து மணி நேரமாவது ஆகும். போதாக்குறைக்கு, எரிமலை விழித்துக்கொண்டால் அந்தப் பாதையையே மூடிவிடுவார்கள். தீ உள்ள நாளில் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம். நடக்க முடியாதவர்களுக்கென்று ஒன்று இருக்கிறது: 1977இல் பிட்டன் சேன்ட் ரோஸ் ஊருக்குள் இறங்கிய குழம்பு ஒரு தேவாலயத்தைச் சுற்றி வளைத்து, வாசல் வரை வந்து நின்றது. சுவரை ஒட்டி உறைந்த அந்தக் கரும்பாறையைக் காரை விட்டிறங்கியதுமே தொட்டுப் பார்க்கலாம். விசா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: ரெயூனியன் பிரான்சுக்கு உட்பட்டதாயினும் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டமான சென்கன் எல்லைக்குள் வராது; ஐரோப்பாவுக்கென எடுத்த விசாவை நம்பிக் கிளம்பக் கூடாது.

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள ப்ரோமோ தெங்கர் செமேரு பூங்காவுக்கு நான் முன்பே ஒருமுறை தனியாகப் போய் வந்திருக்கிறேன். ஆகவே என் தராசு சற்றுச் சாய்ந்திருக்கலாம். பிரம்மாவின் பெயரே ப்ரோமோ ஆயிற்று என்பர். செமேருவில் மேருவைக் காண நமக்கு யார் உதவியும் வேண்டாம். 3,676 மீட்டர் உயரமுள்ள செமேரு ஜாவாவின் மிக உயர்ந்த சிகரம். 2021 டிசம்பரில் அது சீறியபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஹவாயிலும் ரெயூனியனிலும் குழம்பு இளகி ஓடுவது. ஜாவாவிலோ அது கெட்டியானது, வாயு அடைபட்டு வெடித்துச் சாம்பலாகப் பாய்வது. ஆகவே செமேருவைத் தொலைவில் வைத்துப் பார்ப்பதே முறை. நாம் ஏறுவது 2,329 மீட்டர் ப்ரோமோவில்.

சுரபாயாவில் விமானம் இறங்கி, சாலை வழியே செமோரோ லாவாங் என்ற மலைக்கிராமத்தில் தங்கி, விடியுமுன் ஜீப்பில் 2,770 மீட்டர் உயரமுள்ள பெனன்ஜாக்கானுக்குப் போவது வழக்கம். நம் பொதிகையின் அகத்தியர் மலையைவிட அது 900 மீட்டர் உயரம். மாஞ்சோலைக்குப் போகவே சால்வை தேடுகிற நாம் அங்கே குளிர்காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் போனது சனிக்கிழமை என்பதால், ஜீப்புகள் நெருக்கியடித்த சாலையில் பாதி வழியிலேயே இறங்கி நடந்தேன். சூரியன் எழுந்ததைப் பிறர் தூக்கிப் பிடித்த செல்போன்களின் இடுக்கில்தான் கண்டேன். அதன் பிறகு இறங்கிய மணற்கடல் அந்த ஏமாற்றத்தை மறக்கச் செய்தது. திசையன்விளைப் பக்கத்துத் தேரியைப் பார்த்தவர்கள் அதன் சிவப்பை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தைப் பூசிக் கற்பனை செய்துகொள்ளலாம். பனைமரம் மட்டும் ஒன்றுகூட இராது.

மணலின் நடுவே ஓர் இந்துக் கோயில். அதைத் தாண்டி, குதிரையிலோ நடந்தோ மலையடிக்குச் சென்றால் ஏறத்தாழ 250 படிகள். படிகளைச் சாம்பல் மூடியிருந்ததால் கைப்பிடியைப் பற்றித்தான் ஏறினேன். மேலே கெந்தகப் புகை தொண்டையில் இறங்கி இருமவைக்க, கீழே பள்ளத்துக்குள் சோற்றுப்பானை மூடி தூக்கிக்கொண்டு இரைவதுபோல் ஓர் ஓசை ஓயாமல் கேட்டது. தீ தெரியவில்லை. ஆனால் மலை உயிரோடிருக்கிறது என்பதைக் காது சொல்லிக்கொண்டே இருந்தது. என் அளவுகோலில் ப்ரோமோ முந்துவது இந்த இடத்தில்தான்.

அங்குள்ள தெங்கர் மக்கள் இந்துக்கள். கசாடா மாதத் திருவிழாவில் காய்கறி, கோழி, காசு என்று பள்ளத்துக்குள் காணிக்கை எறிவார்கள். உள்சரிவில் சிலர் வலை நீட்டி அவற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கிய நமக்கு அந்தக் கூட்டம் அந்நியமாகப் படாது. ஆனால் அந்த நாட்களில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பூங்காவை மூடுவதுண்டு என்பதால் தேதி பார்த்துக்கொள்ள வேண்டும். எரிமலைக்கு அந்நாட்டு அரசு அறிவிக்கும் நான்கு படி எச்சரிக்கை நிலையையும் கிளம்புமுன் பார்ப்பது கட்டாயம்.

நம் ஊரிலிருந்து திருவனந்தபுரம் சென்று, கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகச் சுரபாயாவை அடையலாம். விமான நிலையத்திலேயே 5 இலட்சம் ரூபியாவுக்கு 30 நாள் விசா கிடைக்கிறது. நேர வேறுபாடு ஒன்றரை மணிதான். மழை ஓய்ந்து வறட்சிக் காலம் தொடங்குவதும் மே மாதத்தில் என்பதால் பள்ளி விடுமுறைக்குப் பொருந்துகிறது. எனவே ப்ரோமோ என்று முடிவாயிற்று. ஆனால் இந்த முறை செவ்வாய்க்கிழமை. அம்மா படியேற மாட்டார். கோயில் வாசலில் உட்கார்ந்தபடி புகையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டார்.