ஒட்டுத் திராட்சை: சில ஆண்டுகள் போனபின் தெரியும் பலனும் தொல்லையும்

ஒட்டுக்கன்று நட்டால் பழம் பெரிதாகும், இனிப்பு கூடும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். பழத்தின் குணம் மேலே கட்டிய ரகத்தோடு வருவது. ஒட்டு மாற்றுவது வேரை: வேறொரு திராட்சையின் வேரோடு கூடிய அடித்தண்டில் (வேர்ச்செடி) நமக்கு வேண்டிய ரகத்தின் குச்சியைக் கட்டுவதுதான் அது. மண்ணிலோ தண்ணீரிலோ குறை உள்ள இடத்தில்தான் அதற்குக் கொடுத்த காசு திரும்பும்.

வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு இருக்கும் மணற்பாங்கான நிலத்தில் வித்தியாசம் உடனே தெரியாது. சொந்த வேர்க் கொடியும் தொடக்கத்தில் நன்றாகவே ஓடும். பிறகு தளிர் குட்டையாகும், கொத்து சிறுக்கும். உரம் போட்டாலும் தேறாது. தோண்டினால் சல்லிவேர் முழுக்க மணி கோத்தாற்போல் முடிச்சு. அதே மண்ணில் டாக்ரிட்ஜ், ராம்சே என்ற வேர்ச்செடி ரகங்கள் தாக்குப்பிடிக்கின்றன. உப்புத் தண்ணீருக்கு ராம்சே, 1103 பால்சன், 140 ருகேரி: குளோரைடு மேலே ஏறுவதை இவை குறைப்பதால் இலையோரம் கருகுவது குறையும். சுண்ணாம்பு மண்ணென்றால் 41பி அல்லது ஃபெர்க்கால். ரிப்பேரியா வேர்ச்செடியை அங்கே வைத்தால் இளம் இலையே மஞ்சளாகத்தான் வரும்.

வேரைத் தின்னும் ஃபில்லாக்சராவுக்கு, 1860களில் பிரான்சில் பரவியது தொட்டு, அமெரிக்க வேரில் ஒட்டுவதே நிலைத்த தீர்வு. ஆனால் எல்லா ஒட்டு வேரும் தாங்காது. ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர்ச்செடியின் பெற்றோரில் ஒன்று, இப்பூச்சியைத் தாங்காத ஐரோப்பியத் திராட்சை. 1980களில் கலிஃபோர்னியாவில் அது பூச்சிக்குப் பலியானது. வேர்ச்செடியின் பெயரைச் சொல்லாமல் விற்கும் கன்றை வாங்காதீர்கள்.

அடிக்கடி வரும் தொல்லை, மிதமிஞ்சிய வீரியம். வளமான மண்ணில் டாக்ரிட்ஜ் வைத்தால் பந்தல் இலையால் மூடிவிடும். நிழலில் முதிரும் மொட்டில் அடுத்த பருவத்துக் கொத்து குறையும். தழைச்சத்தையும் தண்ணீரையும் குறைத்து, தளிரைக் கிள்ளி வெளிச்சம் விட வேண்டும். எஸ்ஓ4 வேர்ச்செடியில் ஒட்டிய கொடிக்கு மெக்னீசியக் குறை வரும்: அடி இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும்.

நிலத்திலேயே ஆப்பு ஒட்டுக் கட்டுவதானால், பென்சில் பருமனுள்ள, பழுப்பேறிய, இரண்டு மொட்டுள்ள குச்சி போதும். அடியில் 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு இருபக்கமும் ஒரே சீவலாகச் சீவுங்கள். கத்தி இரண்டாம் முறை பட்டால் மேடுபள்ளம் விழும். வேர்ச்செடியைத் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் வெட்டி, நடுவே பிளந்து செருகுங்கள். பருமன் வேறுபட்டால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கத்துப் பட்டையின் உட்பச்சையாவது நேராகப் பொருந்தும்படி ஓரமாக வையுங்கள். ஒட்டு பிடிக்காமல் போவதற்கு இதுவே முதல் காரணம். அடுத்தது வெட்டுவாயில் வடியும் நீர். ஒட்டுக்குக் கீழே தண்டில் இரண்டு சிறு கீறல் போட்டால் அது அங்கே வடிந்துவிடும். நாடாவை இறுக்கிச் சுற்றி, குச்சியின் நுனிக்கு மெழுகு தடவுங்கள். தளிர் ஓடித் தண்டு பருக்கும்போது நாடாவை அறுத்துவிட வேண்டும். விட்டால் கழுத்தை நெரிக்கும்.

தாய்க்கொடியில் இலைச்சுருள் வைரஸ் இருந்தால் ஒட்டு வழியே அதுவும் சேர்ந்து வரும். நோயில்லை என்று சோதித்த கொடியில்தான் குச்சி எடுக்க வேண்டும்.

மண் அணைக்கும்போது ஒட்டு மூடிவிடக் கூடாது. மூடினால் மேல்ரகமே வேர்விட்டு, நூற்புழுவுக்கு மறுபடி வழி திறக்கும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைப் பிஞ்சிலேயே அடியோடு பிய்த்தெறியுங்கள். மேல்ரகம் பட்டுப்போய் வேர்ச்செடி தழைத்தால் கொடி பச்சையாக நிற்கும், விற்கத்தக்க பழம் இருக்காது. திரும்ப ஒட்ட வேண்டியதுதான்.